சீயோன் ஆலயத்துச் சிரிப்பு

காபிக் கோப்பையைத் தயவுசெய்து அந்தத் துணிவிரிப்பின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் மைக்கில் டக்கென்று விழும், பிறகு அந்தச் சத்தத்தை எடுக்க யாராவது ஒருவர் பாடுபட வேண்டும். என் வேலைக்காலம் முழுக்க அந்த ஒருவராக நான்தான் இருந்தேன், அதனால் சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டேன். கிழவன் வீட்டுப் பாலுக்குக் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

என் பெயர் ஆல்டன் க்ரீவ். நேயர்கள் பணத்தில் நடந்த ஒரு வானொலி நிலையத்தில் டேப்பை வெட்டி ஒட்டுகிறவனாக இருந்தேன். நீங்கள் வழக்கறிஞர், சட்டக் கல்லூரியில் பாடமும் நடத்துகிறவர். இந்த வாக்குமூலம் அலபாமாவுக்குப் போகப்போகிறது. தியோடிஸ் ராம்ஸி என்கிற, இப்போது உயிரோடு இல்லாத ஒருவன் மேலிருந்து ஒரு கொலைப்பழியை இறக்கி வைக்க இது உதவும் என்று சொன்னீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவனுடைய தங்கை டொரிண்டா. வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. காபியும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பரவாயில்லை. பேசாதவர்களைப் பதிவு செய்வதில் எனக்கு அனுபவம் உண்டு.

முதலில் நிலையத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில், பல்கலைக்கழகத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்தது. விளம்பரம் வாங்க மாட்டோம். விளம்பரம் இருக்க வேண்டிய இடத்தைக் கொள்கையால் நிரப்பினோம். எதையும் குழு கூடித்தான் முடிவு செய்வோம். காபி போட ஒரு பாத்திரம் வேண்டும் என்றபோது, காபிக்கொட்டை எந்த நாட்டில், யார் முதுகொடிய விளைந்தது என்று கூட்டம் கூட்டமாக விவாதித்தோம். கடைசியில் ஒரு நேயரே பாத்திரத்தை அன்பளிப்பாக அனுப்பிவிட்டார். அதை ஏற்கலாமா என்று இன்னொரு கூட்டம் நடந்தது. மேலாளர் ஹாரியட் பென்ரோஸ் நல்ல மனுஷி. தாத்தா விட்டுப்போன ரயில்வே பங்குகளைக் குற்ற உணர்ச்சியோடு அனுபவித்து வந்தார். அவருக்கு என் மேல் மதிப்பு அதிகம். "ஆல்டன் கை பட்டா அழுக்கே இருக்காது" என்று எல்லோரிடமும் சொல்வார்.

அது உண்மைதான். டேப்பைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, சொல் எங்கே தொடங்குகிறது என்று காதால் பிடித்து, மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, சவர பிளேடால் சாய்வாக அறுத்து, வேண்டாததை எடுத்துவிட்டு இரு முனைகளையும் ஒட்டுவேன். இருமல், மூக்குறிஞ்சல், 'வந்து', 'என்னன்னா', நாற்காலி முனகல் எல்லாம் போய்விடும். எடுத்த இடம் பள்ளமாகத் தெரியக் கூடாது என்பதற்காக, போகிற இடமெல்லாம் யாரும் பேசாத நேரத்தில் கொஞ்சம் மௌனத்தையும் பதிவு செய்து வருவேன். பள்ளம் விழுந்தால் அந்த மௌனத்தைப் போட்டு மூடுவேன். எல்லா மௌனமும் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்கள் மௌனத்தைக் கவனித்துக் கேட்டதில்லை. மாதாகோவில் மௌனத்தில் மரம் இருக்கும், சிறை மௌனத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கும். அந்தத் துண்டுகளைப் பெயர் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். நேற்று உங்களிடம் கொடுத்தேனே, அதேதான்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் என்னைத் தெற்கே அலபாமாவுக்கு அனுப்பினார்கள். கால்டர்ஸ் ஃபெரி என்ற ஊர். அங்கே கறுப்பர்களுக்கான சிறிய கல்லூரி ஒன்று இருந்தது. அதன் மாணவர்கள், கடைத்தெருவில் இருந்த பெரிய கடையில், வெள்ளையர்களுக்கு மட்டுமே பரிமாறிய சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்து, தங்களுக்கும் பரிமாறச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பரிமாறவில்லை. தலையில் கெச்சப்பை ஊற்றினார்கள். மறுநாளும் போய் உட்கார்ந்தார்கள். நம் நேயர்கள் கேட்டே ஆக வேண்டிய விஷயம் இது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஒருமனதாக முடிவானதே ஒரு செய்தியாக இருந்தது.

தியோடிஸ் அந்த மாணவர்களில் ஒருவன். இருபது வயது, விடைத்த காதுகள், ஒல்லி. தலைவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவனுடைய வேலை, கூட்டத்தில் பயந்து போயிருக்கிறவர்களைச் சிரிக்க வைப்பது. யாரைப் பார்த்தாலும் அப்படியே பேசிக் காட்டுவான். பாஸ்டர், கல்லூரி முதல்வர், கடைக்காரர், யாரையும் விட்டு வைக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்த மாலையே அவனுடைய அம்மா ஒஸெல்லா ராம்ஸி எனக்கு ஒரு தட்டு நிறைய பொரித்த கோழியும் கீரையும் வைத்தார். அந்தம்மாள் கல்லூரி விடுதியில் சமையல் வேலை பார்த்தார்.

"சாப்பிடு கண்ணு. உங்க ஊர்ல உனக்குச் சாப்பாடே போடமாட்டாங்க போலிருக்கே. எலும்பெல்லாம் எண்ணிடலாம்."

"போதும்மா, நன்றி."

"போதும்னு சொல்றவனுக்கு இன்னொரு துண்டு வைக்கிறதுதான் எங்க வழக்கம்" என்றார். வைத்தார். பிறகு சிரித்தார். அவர் சிரிப்பு ஒரு இருமல் மாதிரி ஆரம்பிக்கும், மேலே ஏறும், தொடையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் நிற்கும். அப்போதே அது என் காதில் பதிந்துவிட்டது. வேறொன்றுமில்லை, தொழில் பழக்கம்.

அந்த வாரம் சீயோன் ஆலயத்தில் பெரிய கூட்டம். உட்கார இடமில்லாமல் ஜன்னல் திண்டிலெல்லாம் ஆட்கள். தியோடிஸ் மேடைக்கு வந்ததும் முதலில் என்னைத்தான் பிடித்தான். இல்லாத மைக் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, என் குரலில் பேசினான்.

"ரொம்ப நல்லா வந்துச்சும்மா, ரொம்ப நல்லா வந்துச்சு. இன்னொரு தடவ சொல்றீங்களா? கொஞ்சம் மெதுவா? கொஞ்சம் கஷ்டத்தோட?"

நான் அப்படித்தான் கேட்பேன், உண்மை. ஆலயம் சிரிப்பில் அதிர்ந்தது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இதற்கும் பின்னால் நடந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அடுத்து அவன் பெல்ட்டைத் தூக்கி விட்டுக்கொண்டு, வாயில் புகையிலையை ஒதுக்குகிற மாதிரி கன்னத்தை உப்பினான். வாயைத் திறப்பதற்கு முன்பே ஜனங்களுக்குப் புரிந்துவிட்டது. "ஷெரிஃப் டகெட் நேத்து என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா, கேளுங்க" என்று அவன் சொல்லும்போதே சிரிப்பு எழுந்து அந்த வரியின் மேல் விழுந்துவிட்டது. முன்வரிசையில் ஒஸெல்லா அம்மாளின் குரல்: "கர்த்தாவே, அப்படியே ஷெரிஃப்தான், பாருங்களேன்." பிறகு கூட்டம் அடங்கி, அவன் ஷெரிஃபின் தடித்த குரலில் பேசினான்.

"கேட்டுக்கோங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு முடிவு வரணும். வரல, கொளுத்திடுவேன். ஒரு செங்கல் மிஞ்சாது. உள்ள எவன் இருந்தாலும் எனக்குக் கவலை இல்ல."

அந்த வட்டாரத்துப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் அதை நிஜமாகவே சொல்லியிருந்தார், ஆலயத்தைப் பற்றி. அந்தப் பயத்தைத்தான் இவன் சிரித்துக் கரைத்துக்கொண்டிருந்தான்.

நான் டேப்போடு ஊர் திரும்பினேன். இங்கே எங்கள் நேயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒலிபரப்பிய ஒரு நிகழ்ச்சிக்கு, மலைமேல் வீடு வைத்திருந்த ஒரு பேராசிரியரின் மனைவி தொலைபேசியில் வருத்தப்பட்டிருந்தார். "அந்த ஜனங்க ரொம்பச் சிரிக்கிறாங்க மிஸ்டர் க்ரீவ். எனக்கு அழுகையே வரல" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார். நிலையத்துக்கு ஆண்டுதோறும் நிறையக் கொடுக்கிறவர். நான் யோசித்துப் பார்த்தேன். துன்பப்படுகிறவர்கள் இவ்வளவு சிரித்தால் கேட்கிறவர்கள் குழம்பிப் போவார்கள். குழம்பிப் போனவர்கள் காசோலை எழுத மாட்டார்கள்.

அதனால் சிரிப்பை எடுத்தேன். என்னைப் பேசிக் காட்டிய பகுதியைத் தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது என்பதால் முழுசாக எடுத்தேன். ஷெரிஃபின் பகுதியில் ஒரு சிக்கல் இருந்தது. சிரிப்பும் "ஷெரிஃப் டகெட் சொன்னாரு" என்ற வரியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தன. டேப்பில் அப்படி விழுந்ததைப் பிரிக்க முடியாது. சிரிப்பு போனால் அந்த வரியும் போகும். நான் இரண்டையும் ஒரே துண்டாக அறுத்து எடுத்து, பிஸ்கட் டப்பாவில் போட்டேன். அந்த இடத்தில் ஆலயத்தின் மௌனத்திலிருந்து கொஞ்சம் ஒட்டினேன். பிறகு ஓட்டிக் கேட்டேன். ஒரு கணம் நிசப்தம், அதன் பின் ஒரு இளைஞனின் தடித்த, உறுமுகிற குரல். வரல, கொளுத்திடுவேன். உடம்பு சிலிர்த்தது. சுற்றிலும் இருக்கிற சிரிப்பை எடுத்துவிட்டால் கேலி கோபமாகிவிடும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். ஹாரியட் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆல்டன், இதுதான் நெருப்பு."

அவர் அந்தச் சொல்லைச் சொன்ன அன்று கடை இன்னும் எரியவில்லை. அந்த வார இறுதியில்தான் எரிந்தது. சாப்பாட்டு மேடை இருந்த அதே கடை. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காவலாளி செத்துப்போனார். யார் வைத்த நெருப்பு என்று இன்றுவரை தெரியாது, பழைய மின்கம்பிகள் என்று சொன்னவர்களும் உண்டு. ஷெரிஃப் தியோடிஸைப் பிடித்தார். அவன் அம்மா, தங்கை, அத்தை என்று வீடு நிறைய ஆட்களோடு அன்றிரவு வீட்டில்தான் இருந்தான். ஆனால் அவர்கள் எல்லோரும் அவனுக்கு வேண்டியவர்கள், அதாவது கறுப்பர்கள்.

அவன் கைதான செய்தி வந்த பிறகுதான் நாங்கள் நிகழ்ச்சியை ஒலித்தட்டாகப் போட்டோம். இதில் நான் துல்லியமாக இருக்க விரும்புகிறேன். பிறகுதான், முன்பு அல்ல. அட்டையில் அவன் படத்தையே போட்டோம், கைவிலங்கோடு. பதினைந்து டாலர் சந்தா கட்டுகிறவர்களுக்கு ஒரு தட்டு இலவசம். நல்ல வரவேற்பு. அலபாமாவிலிருந்தே ஒரு சந்தா வந்தபோது ஸ்டுடியோவில் கைதட்டினோம், தெற்கிலும் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று மதிய நிகழ்ச்சியில் ஹாரியட் அறிவித்தார். அந்தச் சந்தாதாரர்தான் கால்டர்ஸ் ஃபெரியின் அரசு வழக்கறிஞர். தட்டைத் துணி சுற்றிப் பத்திரமாக அனுப்பியதும், நன்றிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்.

தியோடிஸுக்கு வாதாட வந்தவர் ரூஃபஸ் மேப்ரி என்ற கறுப்பின வழக்கறிஞர். தட்டில் வெட்டு இருக்கிறது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது, ஆலயத்தில் இருந்த அத்தனை பேரும் அவரிடம் சொல்லியிருந்தார்களே. எங்கள் குழு கூடியிருந்த சமயம் தொலைபேசியில் அழைத்தார். ஹாரியட் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

"மேடம், வெட்டாத டேப்பு எனக்கு வேணும். அது இருந்தாப் போதும், பையன் வீட்டுக்கு வந்துடுவான்."

"உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது மிஸ்டர் மேப்ரி. ஆனா எந்தக் கோர்ட்டுக்கும் வெட்டாத டேப்பு கொடுக்கறதில்லைன்னு ஒரு கொள்கை இருக்கு. இன்னிக்கு உங்களுக்குக் கொடுத்தா, நாளைக்கு அரசாங்கம் கேட்டாலும் கொடுக்கணும்."

"நாளைக்கு அவங்க கேட்டா மாட்டேன்னு சொல்லுங்க. இன்னிக்கு நாங்க கேக்கறோம்."

"கொள்கைன்னா அது ஆளைப் பார்த்து மாறாதே."

"நீங்க யார் பக்கம்னு தெரிஞ்சுக்கலாமா மேடம்?" என்று கேட்டார் மேப்ரி. ஹாரியட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு கேள்வியைத் தாங்கிக்கொண்டு கொள்கையில் நிற்பது எவ்வளவு கடினம் என்று பிறகு எல்லோரும் அவரைத் தேற்றினோம்.

அந்தக் கொள்கை அதுவரை எழுத்தில் இல்லை. அன்று அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தது நான். ஹாரியட்டுக்கு டேப்பில் என்ன இருந்தது என்று தெரியாது. கேட்கவில்லை. நல்லவர்கள் நிறையக் கேள்வி கேட்க மாட்டார்கள். எங்கள் ஊர் நீதிபதி டேப்பைக் கொடுக்கும்படி உத்தரவிட்டபோது ஹாரியட் மறுத்து, ஒரு சனி ஞாயிறு சிறையில் இருந்தார். வாசலில் மாணவர்கள் கிதாரோடு உட்கார்ந்து பாடினார்கள். வெளியே வந்ததும் எலுமிச்சைக் கேக் வெட்டினோம். அந்த மாதம் வந்த சந்தா போல அதற்கு முன் வந்ததில்லை.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றுதானே உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி. எங்கள் நிகழ்ச்சிக்கு அதற்குள் ஒரு பதக்கம் அறிவித்திருந்தார்கள். அந்தத் துண்டு வெளியே வந்திருந்தால், க்ரீவ் வெட்டிய டேப்பு பொய் என்று தெற்கிலிருக்கிற ஒவ்வொரு பத்திரிகையும் எழுதியிருக்கும். ஒரு டேப்பு பொய்யென்றால் எல்லா டேப்பும் பொய். போலீஸ் நாய்களின் டேப்பு, சிறையில் பாடிய பெண்களின் டேப்பு, எல்லாமே. இயக்கத்தின் குரல் முழுவதும் என் பிஸ்கட் டப்பாவில் அடங்கியிருந்தது. ஒரு பக்கம் ஒரு பையன், இன்னொரு பக்கம் வரலாறு. தராசைப் பிடிக்கிற பொறுப்பு எனக்கு வந்தது. நான் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அல்ல அது.

விசாரணைக்கு என்னைச் சாட்சியாக அழைத்தார்கள், போனேன். டேப்பைத்தான் கொடுப்பதில்லை, ஆளை அனுப்பக் கொள்கையில் தடை இல்லை. அதற்கு முன் ஆலயத்துக்காரர்கள் ஆள் மாற்றி ஆளாகக் கூண்டில் ஏறி, அது ஷெரிஃபைப் பேசிக் காட்டியது, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம் என்று சொன்னார்கள். அரசு வழக்கறிஞர் மறுப்பே சொல்லவில்லை. ஒலித்தட்டை ஓட்டினார். நிசப்தம், பிறகு அந்தக் குரல். "சிரிப்பு எங்கே? எனக்குக் கேக்கலையே. உங்களுக்குக் கேக்குதா?" என்று ஜூரி நடுவர்களைப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். இயந்திரத்துக்குச் சாதி நிறம் எல்லாம் கிடையாது, அது பொய் சொல்லாது என்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"மிஸ்டர் க்ரீவ், இதுல நீங்க ஏதாவது சேத்திருக்கீங்களா?"

"இல்லை."

இது உண்மை. மௌனத்தை நான் சேர்ப்பாகக் கருதுவதில்லை. மேப்ரி எழுந்தார்.

"எதையாவது எடுத்திருக்கீங்களா?"

"வழக்கமான சுத்தம்தான் சார். இருமல், நாற்காலிச் சத்தம்."

"சிரிப்பு?"

"சிரிப்பு இருந்ததா எனக்கு ஞாபகம் இல்லை."

காதில் விழுந்த எதையும் நான் மறந்தவன் இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் நான் அதை நினைத்துக்கொண்டிருக்கவில்லை என்பதும் உண்மை. நினைக்காமலிருக்கக் கவனமாக இருந்தேன். கூண்டிலிருந்து இறங்கி வரும்போது தியோடிஸின் மேசையைக் கடந்துதான் போக வேண்டும். அவன் தலையைத் தூக்கி, என் குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"ரொம்ப நல்லா வந்துச்சு சார். இன்னொரு தடவ சொல்றீங்களா? கொஞ்சம் மெதுவா?"

அவனுக்கு எப்போதும் இந்த விளையாட்டுத்தனம் அதிகம். கடைசிவரை அவனுக்குத் தன் நிலைமை புரியவில்லை என்று எனக்கு அப்போது வருத்தமாகத்தான் இருந்தது.

நடுவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னார்கள். முப்பது வருடம். அவ்வளவு தூரம் போய்விட்டு வெறும் கையோடு திரும்புவது சரியல்ல என்று, மாலையில் பதிவு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ராம்ஸி வீட்டுக்குப் போனேன். ஒஸெல்லா அம்மாள் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் போகச் சொல்லவில்லை. மைக்கை நீட்டி, "இப்ப உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டேப் ஓடியது. பின்வாசல் வலைக்கதவு காற்றில் லேசாக அடித்துக்கொண்டது, தூரத்தில் ஒரு நாய், அவருடைய மூச்சு. வேறெதுவும் இல்லை. கதவருகில் கவுனில் நின்ற சின்னப் பெண், "அம்மா, ஏம்மா பேச மாட்டேங்கிற?" என்றாள். அதை மட்டும் பிறகு எடுத்துவிட்டேன். டொரிண்டாவுக்கு ஞாபகம் இருக்கலாம்.

நான் சேர்த்த மௌனங்களிலேயே அதுதான் சிறந்தது. எதற்கும் பொருந்தியது. போரில் செத்த பையன்களைப் பற்றிய நிகழ்ச்சியில் அதைப் போட்டேன், பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்களைச் சுட்டபோது போட்டேன். கேட்டவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுததாக எழுதினார்கள்.

வெட்டிய அந்தச் சிரிப்பையும் நான் வீணாக்கவில்லை. எங்கள் நிலையத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு அரசியல் நையாண்டி நிகழ்ச்சி உண்டு. எழுதியவர்கள் மூன்று பேராசிரியர்கள், அதனால் ஸ்டுடியோவில் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு நாள் அவசரத்துக்குச் சீயோன் ஆலயத்துச் சிரிப்பை எடுத்துப் போட்டேன். அற்புதமாகப் பொருந்தியது. அப்புறம் வாராவாரம் அதுதான். ஆளுநரின் தொப்பைக்கு, தபால் கட்டண உயர்வுக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஆலயம் சிரித்தது. அடியில் உன்னிப்பாகக் கேட்டால் ஒரு பையன் "ஷெரிஃப் டகெட் நேத்து என்கிட்ட என்ன சொன்னாரு" என்று சொல்வது தெரியும். ஒரு அம்மாள் "அப்படியே ஷெரிஃப்தான்" என்பார். தபால் கட்டணத்துக்கு ஏன் ஒருவர் ஷெரிஃபைக் கூப்பிடுகிறார் என்று எங்கள் படித்த நேயர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அந்த அம்மாளின் மகனை விடுவிக்கக்கூடிய ஒரே சாட்சியம் ஊரறிய, வாராவாரம், வருடக்கணக்கில் ஒலிபரப்பானது. நான் எதையும் ஒளித்து வைத்தேன் என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதினோராம் வருடம் தியோடிஸ் சிறை ஆஸ்பத்திரியில் நிமோனியாவில் இறந்தான், அந்த வாரம் எங்களுக்குச் சந்தா திரட்டும் வாரமாக இருந்ததால் அஞ்சலி நிகழ்ச்சியை மிகக் குறைந்த நேரத்தில் தயாரிக்க வேண்டியிருந்தது, இருந்தாலும் நன்றாகவே வந்தது. முதலில் அவனுடைய அந்தக் குரல், கடைசியில் அவன் அம்மாவின் மௌனம். அதற்கும் ஒரு பரிசு கிடைத்தது. பிறகு பல்கலைக்கழகம் எனக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 'இயக்கத்தின் செவி' என்று பட்டயத்தில் பொறித்திருக்கிறார்கள். அதோ, உங்களுக்குப் பின்னால் சுவரில்.

போன வருடம் நிலையத்தின் பழைய டேப்புகளை உங்கள் மாணவர்கள் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் ஒலித்தட்டைப் பற்றி விசாரிக்க டொரிண்டா வந்திருந்த சமயம், யாரோ ஒரு மாணவன் பக்கத்து மேசையில் அந்த நையாண்டி நிகழ்ச்சியை ஓட்டியிருக்கிறான். "அதை நிறுத்து தம்பி. திரும்பப் போடு. அது எங்கம்மா சிரிப்பு" என்று இவர் சொன்னாராம். நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பைச் சரியாகக் காது கொடுத்துக் கேட்ட முதல் நேயர் அவர்தான். அதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவ்வளவு பழைய டேப்பிலும் குரல் அத்தனை தெளிவாக நின்றிருக்கிறது.

ஆக, உங்களுக்குச் சட்டப்படி வேண்டிய வாக்கியங்களைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தியோடிஸ் ராம்ஸி யாரையும் கொளுத்துவதாகச் சொல்லவில்லை. ஷெரிஃப் சொன்னதைத்தான் பேசிக் காட்டினான். ஷெரிஃபின் பெயரையும் ஜனங்களின் சிரிப்பையும் அறுத்தெடுத்தது நான். அந்தத் துண்டு அவனைக் காப்பாற்றும் என்று தெரிந்தே கொடுக்க மறுத்தேன், மறுப்பதற்கு ஒரு கொள்கையையும் செய்து கொடுத்தேன். நீதிமன்றத்தில் பொய் சொன்னேன். இவையெல்லாம் உண்மை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு சின்ன விஷயம், இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன். பேசியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பொதுவாக நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் தியோடிஸ் இறந்ததைச் சொன்ன இடத்தில் நான் நிற்கவே இல்லை, அதே மூச்சில் சந்தா வாரத்துக்குப் போய்விட்டேன். அலபாமாவில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு அது உறுத்தும். அந்த இடத்தில் ஒரு மௌனம் வேண்டும். இப்போது புதிதாக நான் மௌனமாக இருந்து காட்டினால் போலியாகத் தெரியும். பிஸ்கட் டப்பாவில் மேலாகவே ஒரு துண்டு இருக்கிறது, 'மிசஸ் ராம்ஸி, சமையலறை' என்று எழுதியிருப்பேன். அதை எடுத்து அங்கே ஒட்டிவிடுங்கள். டொரிண்டாவைத் தவிர வேறு யாருக்கும் வித்தியாசம் தெரியாது.